கழிமேட்டுச் சோறு

முதன்முதலாக என் கை நடுங்கியபோது நான் பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றில் இரண்டு கைகளையும் விட்டு இறால் தடவிக்கொண்டிருந்தேன். குளிரால் வரும் நடுக்கம் எனக்குத் தெரியும். அது பல்லில் தொடங்கும். இது விரல் நுனியில் தொடங்கியது. அகப்பட்ட இறால் துடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கையைத் தண்ணீருக்கு மேலே எடுத்துப் பார்த்தேன். இறால் எதுவும் இல்லை. வெறும் விரல்கள், யாரோ மணிக்கட்டைப் பிடித்து உலுக்குவதுபோல ஆடிக்கொண்டிருந்தன.

நான் பிறந்தது அனுப்பம்பட்டுப் பக்கம், நெல் விளையும் ஊர். எங்கள் நைனாவின் நிலத்தில் நடவு நடும் பெண்களுக்கு ஒன்பது மணிக்கெல்லாம் வரப்பில் கூழ்க்குண்டான் வந்துவிடும். சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிவிட்டு, வரிசையாக உட்கார்ந்து குடிப்பார்கள். வேலை என்றால் நடுவில் சாப்பாடு உண்டு என்றே நினைத்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான், வரப்பே இல்லாத ஒரு வேலையைப் பார்த்தேன்.

கைத்தடவலுக்குப் போகிற பெண்கள் விடிகிற நேரத்தில் ஏரியில் இறங்கினால் கரையேற நடுப்பகல் ஆகிவிடும். வலை கிடையாது, படகு கிடையாது. கையால் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னப் பை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் அதை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். பறியைக் கவ்விய வாயால் பேச முடியாது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போவோம். மணிக்கணக்கில் ஒருவர் சத்தம் ஒருவருக்குக் கேட்காது. குனிந்த முதுகுகளும் தண்ணீர் அலம்பும் ஓசையும் மட்டும்தான்.

யாரும் சாப்பிட்டுவிட்டு இறங்குவதில்லை. வயிறு நிறைந்திருந்தால் குனிய முடியாது, குமட்டும் என்பார்கள். அது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நடு ஏரியில் ஒரு பெண் ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது? சுற்றிலும் ஆண்களின் படகுகள். அதனால் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பார்கள். முந்தின நாள் அந்தி சாயும்போது சாப்பிட்டது, விடியற்காலையில் பாதி டம்ளர் வரக்காப்பி, அவ்வளவுதான். அதையே நானும் பழகிக்கொண்டேன்.

கரையிலிருந்து தடவிக்கொண்டே போனால் பத்து மணி வாக்கில் கழிமேடு வரும். எப்போதோ வலை கட்டுவதற்காக நட்ட பழைய கழிகள் நாலைந்து அங்கே பாசி பிடித்து நிற்கின்றன. அடியில் மணல் மேடு. சுற்றிலும் இடுப்பளவு இருக்கிற தண்ணீர் அங்கே மட்டும் முழங்கால் அளவுதான். வெகு நேரம் குனிந்த முதுகை நிமிர்த்தி நிற்க எங்கள் வழியில் அந்த ஒரு இடம்தான் உண்டு. ஆனாலும் அங்கே யாரும் ஆற அமர நிற்க மாட்டார்கள்.

என் கை நடுங்கிய அன்று எங்களுக்கு முன்னால் போகிற மூத்தவள், நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"வந்துச்சா?"

"இன்னாதுக்கா?"

"நடுக்கம்."

கையைக் காட்டினேன். அவள் தன் கையைக் காட்டினாள். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூவரும் தங்கள் கைகளைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

"அவதான். உங்க அத்த குடுத்தத போட்டுட்டுத் திரும்பு. அந்தப் பக்கம் பாக்காத."

என் மாமியார் கொடுத்தனுப்பியது ஒரு சோற்று உருண்டை. பூவரச இலையில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு இறுகக் கட்டி, விடியற்காலையில் என் இடுப்பில் தானே செருகிவிடுவார். 'கழிமேட்டுல போட்டுடு' என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. முழங்கால் வலி வந்து தண்ணீரில் இறங்குவதை விடும்வரைக்கும் அவரே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். மற்ற வீடுகளிலிருந்து யாரும் கொண்டு வருவதில்லை. மூத்த குடும்பம் என்பதால் எங்கள் வீட்டு முறை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கட்டைப் பிரித்து, உருண்டையைக் கழிகளுக்கு நடுவே போட்டேன். மூழ்கியது. தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை கலங்கி அடங்கியது.

அவள் யார் என்று திரும்பும் வழியில் பெரியக்கா சொன்னாள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இறால் தடவ வந்த ஒரு பெண். கழிமேட்டில், முழங்கால் தண்ணீரில் மூழ்கிச் செத்தவள். முழங்கால் தண்ணீரில் யாராவது மூழ்குவார்களா? ஏதோ இழுத்துவிட்டது என்றார்கள். இப்போது அவளே இழுக்கிறாளாம். அவளுக்கு அடங்காத பசியாம். கழிமேட்டுக்கு வருகிறவர்களின் கையைப் பிடித்து உலுக்குகிறாளாம். கரை வரைக்கும் கூடவே வருவாளாம். நாம் வீட்டுக்குள் போய் நாலு வாய் சோறு தின்றதும், வாசலோடு நின்று திரும்பிப் போய்விடுவாளாம்.

எனக்கு அது உண்மையாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து தட்டில் கை வைக்கும்வரை என் கை நடுங்கும். பாதிச் சோறு உள்ளே போனதும் நின்றுவிடும். அப்போதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே வாசலைப் பார்ப்பேன். வெயிலில் வெறுமையாகக் கிடக்கும். யாரோ இப்போதுதான் அங்கிருந்து நகர்ந்தது போலவே இருக்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் பனி விலகவே இல்லை. ஏரியும் வானமும் ஒரே சுண்ணாம்பு வெள்ளையில் ஒன்றாகிவிட்டிருந்தன. கழிமேட்டை நெருங்கும்போது எனக்கு நடுக்கம் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறேன், நெற்றியில் வேர்க்கிறது. காதுக்குள் ஒரு ரீங்காரம். நாக்கு தடித்து, பறியின் ஓலை விளிம்பு பல்லில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ள முன்னால் இருந்த முதுகுகளை எண்ணினேன். என்னைத் தவிர நான்கு இருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

மறுபடி எண்ணினேன். ஐந்து.

ஐந்தாவது முதுகு கொஞ்சம் தள்ளி இருந்தது. எங்களைப் போலவே குனிந்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. ஈரச் சேலை முதுகெலும்பில் ஒட்டியிருந்தது. எங்கள் ஒவ்வொருவரையும் சுற்றித் தண்ணீர் வளையம் வளையமாக அசைந்தது. அவளைச் சுற்றி அசையவில்லை. நேராகப் பார்த்தால் பனியில் கரைந்துபோனாள். பார்வையை விலக்கினால் கடைக்கண்ணில் திரும்பவும் வந்து நின்றாள்.

பறி வாயில் இருந்தது. கத்தியிருந்தாலும் சத்தம் வந்திருக்காது.

கழிமேட்டில் ஏறியதும் பறியைக் கழியில் மாட்டிவிட்டு, உருண்டையை எடுத்துக் கட்டைப் பிரிக்கப் பார்த்தேன். விரல் கேட்கவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தேன். பூவரச இலை விலகியதும் சோற்றின் வாசனை வந்தது. அதன் பிறகு நடந்ததை நான் முடிவு செய்து செய்ததாகச் சொல்ல முடியாது. உருண்டை என் வாயில் இருந்தது. கடித்தபோது நடுவில் கெட்டியாக ஏதோ பல்லில் பட்டது. ஒரு துண்டு வெல்லம். அத்தை அதற்குள் வெல்லம் வைத்து உருட்டுவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே தின்றேன். மற்றவர்கள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதால் யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரீங்காரம் நின்றது. விரல்கள் அடங்கின. முதுகுகளை எண்ணினேன். நான்கு.

செத்தவளின் சோற்றைத் தின்றுவிட்டேன் என்ற பயத்தில் அன்றிரவு தூக்கமில்லை. எனக்கு என்ன ஆகப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் போடத்தான் நினைத்தேன். கழிமேட்டில் நடுக்கம் வந்ததும் அதையும் தின்றேன். அதற்கு அடுத்த நாளும். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெறும் இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்புவேன்.

மற்ற நான்கு பேருக்கும் நடுங்கியது. எனக்கு நின்றுவிட்டது. அதை மறைக்க முடியவில்லை. திரும்பும் வழியிலும் நான் தடவிக்கொண்டே வருவேன், என் பறி கனக்கும். ஒரு நாள் பெரியக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன்ன ஏன் வுட்டுட்டா?"

"தெரியலக்கா."

"அவளுக்கு உன்னப் புடிச்சிப்போச்சோ இன்னாவோ."

அதற்குப் பிறகு அவர்கள் என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளியே தடவினார்கள். தண்ணீரில் நான் நெருங்கினால் விலகினார்கள். பனியில் குனிந்தபடி தனியாக இருக்கும் ஒரு முதுகு என்றால் இப்போது அது நான்தான். அவர்கள் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும்போது என் உடம்பே எனக்கு அன்னியமாக இருந்தது.

மாசி மாதக் கடைசியில் என் ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி, எங்களோடு வரத் தொடங்கினாள். அவள் பிள்ளைக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. இன்னும் பால் குடிக்கிற பிள்ளை. அத்தையிடம் விட்டுவிட்டு வருவாள். ஏற்கெனவே ஒல்லி, பிள்ளை பெற்ற பிறகு இன்னும் வற்றியிருந்தாள். கிளம்பும்போது "ரெண்டு வாய் துன்னுட்டு வாடி" என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அவளும் வரக்காப்பியோடுதான் இறங்கினாள்.

முதல் இரண்டு நாள் சமாளித்துவிட்டாள். மூன்றாம் நாள் நல்ல வெயில். கழிமேட்டில் ஏறி நின்றோம். அவள் பக்கத்திலேயே நின்றதால் அன்று நான் உருண்டையைத் தொடவில்லை. இடுப்பிலேயே இருந்தது. அவள் வாயிலிருந்து பறி நழுவித் தண்ணீரில் விழுந்தது. பிடித்த இறால்களெல்லாம் விலுக் விலுக்கென்று வெளியே போய்க்கொண்டிருந்தன. அவள் குனிந்து எடுக்கவில்லை. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. உடம்பு முழுக்க ஆடியது.

"சோறு," என்றாள்.

அவள் குரலே இல்லை. தடித்த, இழுத்து இழுத்து வருகிற குரல்.

"சோறு குடு... சோறு..."

பெரியக்கா அலறிக்கொண்டு பின்னால் போனாள். "அவ வந்துட்டா! உள்ள எறங்கிட்டா!" மற்றவர்களும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கத்தினாள். "இன்னிக்கு சோத்தப் போட்டியா நீ? போட்டியா?"

இத்தனை நாளும் நான் தின்றதற்கு இன்றைக்குக் கேட்க வந்திருக்கிறாள், என்னை விட்டுவிட்டு இவளைப் பிடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த நொடியில் ஓரகத்தியின் முழங்கால் மடிந்தது. முகம் குப்புற விழுந்தாள்.

முழங்கால் தண்ணீர். அவள் கை ஊன்றவில்லை. தலையைத் தூக்கவில்லை. மூக்கிலிருந்து குமிழிகள் வந்தன. எப்படி ஒருவர் இந்தத் தண்ணீரில் சாக முடியும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கழியில் சாய்த்து உட்கார வைத்தேன். கன்னத்தில் தட்டினேன். கண்ணைச் சுழற்றி என்னைப் பார்த்தாள். உதடு சோறு சோறு என்று அசைந்துகொண்டே இருந்தது. அதே நடுக்கம், அதே வேர்வை. நான் அதை அறிவேன். என் உடம்பு அறியும். பயத்தை மீறிக் கை இடுப்புக்குப் போனது. கட்டைக் கிழித்து, உருண்டையை உடைத்து, நடுவில் இருந்த வெல்லத்தை எடுத்தேன்.

"அது அவளோட சோறுடி! தொடாத!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

வெல்லத்தைக் கடித்துத் தூளாக்கி அவள் கீழுதட்டுக்குள் தேய்த்தேன். உதட்டை நக்கினாள். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். விழுங்கினாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. மற்ற நான்கு பேரும் தூரத்தில் அப்படியே நின்றிருந்தார்கள். பிறகு அவள் கண்ணில் ஆள் வந்தது.

"அக்கா," என்றாள், தன் சொந்தக் குரலில். "என் பறி எங்கக்கா?"

சோற்றைக் கொடுத்தேன். தானே கையில் வாங்கித் தின்றாள். நண்டு வலை எடுத்துக்கொண்டு திரும்பிய ஒரு படகை, துணியை வீசிக் கூப்பிட்டோம். அவர்கள் எங்களைக் கரையில் இறக்கிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் ஏற்றி அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த நர்ஸ் அவள் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"காலைல என்ன சாப்பிட்டா?"

"வரக்காப்பி."

"அதுக்கு முன்னாடி?"

"நேத்து அந்தில சோறு."

நர்ஸ் ஊசியைக் குப்பையில் போட்டார். "பால் குடுக்கிற பொண்ணு. நேத்து அந்தில சாப்பிட்டுட்டு, காலைல பட்டினியா நாலு மணி நேரம் தண்ணில நின்னு குனிஞ்சு வேலை செஞ்சா எப்படிம்மா நிக்கும் உடம்பு? ரத்தத்துல சக்கரை எறங்கிப்போச்சு. வெல்லம் குடுத்ததால இப்ப ஏறியிருக்கு. கை நடுங்கும், வேர்க்கும், கண்ணு மங்கும், வாய் கொழறும், இன்னா பேசறோம்னே தெரியாது. மயங்கி தண்ணில விழுந்தா அவ்ளோதான்."

"இல்லாத ஆள் இருக்கிற மாதிரி தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மூளைக்கும் சோறு வேணுமில்ல? கண்ணு இன்னா வேணா காட்டும்."

அவர் சொன்னதெல்லாம் எளிமையாகத்தான் இருந்தது. இறங்குவதற்கு முன் வயிறு முட்ட வேண்டாம், ஆனால் சாப்பிட்டே ஆக வேண்டும். வெறும் சோறு சீக்கிரம் கரைந்துவிடும், கூட ஒரு துண்டு மீனோ முட்டையோ பயறோ இருந்தால் தாங்கும். நடுவில் ஒரு தடவை சாப்பிட வேண்டும், நடுக்கம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். நடுங்கினால் உடனே இனிப்பு, பிறகு சோறு. முழு நினைவு இல்லாதவர்கள் வாயில் சோற்றைத் திணித்துவிடக் கூடாது, புரையேறிவிடும். "நீ உதட்டுல தேச்சதுதான் நல்லதாப்போச்சு," என்றார். ஓரகத்தியின் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று மாத்திரையும் கொடுத்தார்.

சாயங்காலம் அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். அத்தை வீட்டுக்குப் பின்னால் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அத்த, நீங்க குடுத்த சோத்த நான் கழிமேட்டுல அவளுக்குப் போடல. ரெண்டு மாசமா நான்தான் துன்னேன்."

அவர் கை நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். திரும்பாமலே கேட்டார்.

"இனிப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஏரியைப் பார்த்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பூநாரைகள் நின்ற இடம் ஒரு கோடாகத் தெரிந்தது.

"அவளும் நானும் ஒண்ணாதான் எறங்குவோம்," என்றார். "கல்யாணமாயி ஒரே வருசத்துல இந்த ஊருக்கு வந்தவங்க நாங்க. அன்னிக்கு எங்க வூட்ல பொங்குனது கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. வெல்லம் வெச்சி உருட்டி மடியில கட்டிக்கினு போனேன். கரைக்கு வந்து துன்னலாம்னு. கழிமேட்டுல நின்னு கேட்டா. 'ஏன்டி, கையெல்லாம் ஆடுது, அதுல கொஞ்சம் குடுடி'ன்னா. எனக்கும் ஆடிக்கினுதான் இருந்துச்சு. எனக்கும் பசி."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கரைக்குப் போயி துன்னலாம் வாடின்னேன்." அவர் குரல் உடையவில்லை. தெருவில் யாரோ பேசியதை எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார். "சொல்லிட்டுத் திரும்பி நாலு தப்படி தடவினேன். வாயில பறி. பின்னால தண்ணி தளும்புச்சு. அவதான் குனிஞ்சி தடவுறான்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கல. அப்பறம் சத்தம் இல்ல. அப்பவும் பாக்கல. பாக்கும்போது முதுகு மட்டும் மேல தெரிஞ்சுது."

நான் பார்த்த அந்த முதுகைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் அப்போது சொல்லவில்லை.

"அவ இழுக்கறான்னு ஊர்ல சொல்றாங்களே அத்த."

"சொல்லட்டும்னு வுட்டுட்டேன். இன்னா சொல்லுவேன்? சோறு கேட்டா, நான் குடுக்கலன்னா?"

பிறகு அவர் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் எப்போதும் எழுவதைவிட முன்னதாகவே அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. நான் போனபோது குண்டானில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வறுத்த நெத்திலி. தட்டை என் முன்னால் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சாப்பிட்டு இறங்கிய முதல் நாள் நான் குனிந்ததும் வாந்தி எடுத்தேன். இரண்டாவது நாள் பாதி அளவு சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்து இறங்கினேன், தங்கியது. பெரியக்காவும் மற்றவர்களும் ஒரு வாரம் வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நர்ஸம்மாவுக்கு இன்னா தெரியும், அவங்க வந்து கழிமேட்டுல நின்னு பாக்கட்டும்," என்றாள் பெரியக்கா. ஒதுங்குவது எப்படி என்ற பேஜாரும் இருந்தது. கழிமேட்டுக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு மணல் திட்டு தண்ணீருக்கு மேலே இருக்கிறது, புதர் முளைத்த திட்டு. வழியைக் கொஞ்சம் மாற்றி, அதை ஒட்டித் தடவிவிட்டுக் கழிமேட்டுக்கு வர ஆரம்பித்தோம். இரண்டு பேர் சேலையைப் பிடித்து மறைக்க, ஒருத்தி ஒதுங்குவாள். அதற்கு வழி பிறந்ததும் சாப்பிடுவதற்கும் வழி பிறந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சோற்று உருண்டைகளும் வெல்லமும் அவித்த வேர்க்கடலையும் வைத்து, கயிறு கட்டி, மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போனோம். தண்ணீர் பாட்டில் இன்னொரு கயிற்றில்.

பெரியக்கா முதன்முறையாகக் கழிமேட்டில் நின்று சாப்பிட்ட அன்று, ஒவ்வொரு வாய்க்கும் இடையில் சுற்றுமுற்றும் பார்த்தாள். முடித்துவிட்டுக் கையை முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடவில்லை. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருந்த ஒருத்தி எழுந்து போய்விட்டதைப் போலத்தான் அவள் முகம் இருந்தது.

ஓரகத்தி ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப வந்தாள். பிறகு அவளுக்கு நடுக்கம் வந்ததில்லை. அந்தக் கதையை இனி புதிதாக வருகிற யாருக்கும் சொல்லக் கூடாது என்று நாங்கள் ஆறு பேரும் பேசி முடிவு செய்தோம். சொல்லவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, சுண்ணாம்புக்குளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு வந்தாள். கல்யாணமாகி இரண்டாவது வாரமே எங்களோடு இறங்கிவிட்டாள். கெட்டிக்காரி, எங்களைவிட வேகமாகத் தடவுவாள். முதல் நாளே, கழிமேட்டை நெருங்கும்போது திடீரென்று நிமிர்ந்து, பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"நம்மகூட வந்தவங்கதானேக்கா அவங்க? ஏன் தனியா நிக்கிறாங்க?"

"யாரு?"

"அதோ. முதுகக் காட்டிக்கினு குனிஞ்சிக்கினு கீறாங்களே."

அவள் காட்டிய பக்கம் கழிகள் மட்டும் நின்றன. வெயில் அடித்தது, பனி இல்லை. எங்களில் யாரும் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பெரியக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. நெற்றியில் வேர்வை.

"காலைல இன்னா துன்ன?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் துன்னலக்கா. வூட்ல இன்னும் யாரும் எழுந்துக்கல. அவங்களுக்கு முன்னால நான் எப்படி சட்டியத் தொறக்கறது?"

பசி கையை நடுங்க வைக்கும் என்பதை நர்ஸ் சொன்னார், நான் ஏற்றுக்கொண்டேன். பசித்த கண் இல்லாததைக் காட்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் நான் ஒருநாளும் வெளியே சொல்லாத அதே முதுகை, சுண்ணாம்புக்குளத்திலிருந்து நேற்று வந்தவளின் பசி எங்கிருந்து எடுத்துக் காட்டியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாரிடமும் கேட்டதும் இல்லை.

அப்போது கேட்டுக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. கயிற்றை இழுத்து டப்பாவைத் திறந்தேன். ஓரகத்தி அவளைப் பின்னாலிருந்து தாங்கிக் கழியில் சாய்த்துக்கொண்டாள். வெல்லத்தை முதலில் கொடுத்தோம், பிறகு உருண்டை. நாங்களும் சுற்றி நின்று சாப்பிட்டோம். அவள் மென்றுகொண்டே, அவர்களுக்கு வேண்டாமா என்று கண்ணால் அந்தப் பக்கம் காட்டினாள்.

"நீ துன்னு மொதல்ல," என்றாள் பெரியக்கா. "இன்னொண்ணும் எடுத்துக்க. நாளையிலேர்ந்து இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே எங்க வூட்டுக்கு வந்துடு. அங்க துன்னுட்டுத்தான் நீ தண்ணியில காலு வெக்கணும்."